பெயர் தெரியாதவனின் அங்கி

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. யன்னல்கள் கூரையோடு ஒட்டியிருக்கும். அவற்றால் பார்த்தால் வெளியே நடப்பவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். பனிக்காலத்தில் அந்த யன்னல்களையும் பனி மூடிவிடும். அப்போது உள்ளே வரும் வெளிச்சம், சொட்டுநீலம் கலந்த தண்ணீரில் முங்கி எழுந்த வெள்ளைத் துணியின் நிறத்தில் இருக்கும். மெஷின்கள் சுழலும் சத்தத்தோடு அந்த வெளிச்சத்தில் நின்று துணி மடிக்கும்போது, நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது சில நேரம் மறந்துபோகும். எனக்கு அது பிடிக்கும்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் மணியை வேறு யாராவது அமத்தட்டும் என்று காத்திருந்து, ஒருவரும் அமத்தாமல், அடுத்த தரிப்புக்குப் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அதனால் துணிகளோடு வேலை என்பது எனக்கு ஒரு வரம். துணி கேள்வி கேட்பதில்லை.

அந்த அறையில் என்னோடு வேலை செய்பவர் சிலி நாட்டுக்காரர். என்னை விடச் சில வயது மூத்தவர். அவரும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தோம். நான் ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். அவர் பக்கத்து அம்மருட்டில் ஒரு உயரமான கட்டடத்தில் தனியே இருக்கிறார். மனைவி பிரிந்து போய்விட்டார், மகள் தூரத்து நகரமான ஸ்தவாங்கரில். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கொம்பிஸ்’ என்பார். நோர்வேக்காரர் கூட்டாளியைக் கூப்பிடும் சொல் அது. நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருடையதும் ஓட்டை நோர்வேஜியம். ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொள்வோம். இங்கே அவர் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

இல்லத்தில் இருப்பவர்களின் உடுப்புகள் கலந்துவிடாமல் இருக்க, கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தில் இலக்கம் போட்ட சின்ன அடையாளத் துணி தைத்திருக்கும். மடிக்கும்போது நான் அதைப் பார்த்துவிட்டு அடுக்கிவிடுவேன். அவர் மட்டும் ஒவ்வொரு கழுத்தையும் புரட்டி, பெருவிரலால் அந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டுத்தான் வைப்பார். வருடக்கணக்காக இதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பனிநாளில் அவரே சொன்னார்.

"என்ர கழுத்திலையும் ஒரு இலக்கம் இருந்தது, கொம்பிஸ். இருபத்தேழு. சிவப்பு நூலால தைச்சது. ஆனா அது என்ர உடுப்பில்லை."

அன்றிலிருந்து அந்தக் கதையைப் பகுதி பகுதியாகச் சொல்லி வந்தார். சில நாள் ஒரு கூடைத் துணி மடிக்கும் நேரம், சில நாள் கோப்பி குடிக்கும் நேரம். சொன்னதையே திரும்பவும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்தக் கதையில் மழை கொஞ்சம் கூடிவிடும்.

அந்த நாட்டை அப்போது ஒரு ஜெனரல் ஆண்டுகொண்டிருந்தார். சிலிக்காரர் தெற்கே, எப்போதும் மழை பெய்யும் ஒரு சின்ன நகரத்தில் பல்கலைக்கழக மாணவன். மாணவர்கள் கூடி நின்று கோஷம் போட்டபோது இராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, வளைத்தது. அவரை ஆமிக்கு உடுப்பால் மட்டும் தெரியும். மண்ணிறத் தோல் ஜாக்கெட் போட்டவனைப் பிடியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை அவரே ஓடிக்கொண்டு கேட்டாராம். பின்னேர மழையில் ஒரு மதிலால் ஏறிக் குதித்தார். அது கத்தோலிக்கக் குருமடத்தின் அப்பிள் தோட்டம். குருவாகப் படிக்கும் மாணவர்கள் தங்கியிருக்கும் இடம். அவருடைய வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் கோயில் வாசல் மிதித்ததில்லை.

தோட்டத்தில் ஒரு குருமாணவன் கோழிகளுக்குத் தீன் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். நீள அங்கி, கையில் வாளி. மதிலால் விழுந்தவனை மேலும் கீழும் பார்த்திருக்கிறான்.

"பூசைக்கு வந்தனியோ?"

"ஆமி வருது."

"அப்ப பூசைக்கு இல்லை," என்று சொல்லி, வாளியை வைத்துவிட்டு, உடுப்பு அறைக்குக் கூட்டிப்போனான்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் மனதில் வேறு படம் ஓடும். நான் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு வரை கத்தோலிக்கச் சுவாமிமார் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தேன். நாங்கள் சைவம், ஆனால் பள்ளிக்கூடம் கிட்ட. அதன் பின்மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு குருமடம் இருந்தது. வெள்ளை அங்கி போட்ட பெடியள் மணலில் வரிசையாக நடப்பார்கள். அதனால் அவர் அப்பிள் மரம் என்று சொன்னால் எனக்கு வேப்பமரம் தெரியும். பிறகு அந்த வேம்பில் அப்பிள் காய்க்கும். அவர் சொல்லும் விறகடுப்பு எரியும் நீண்ட மர மண்டபத்தில், என் மனதில் வெயில் வெள்ளைச் சதுரங்களாக விழுந்து கிடக்கும். அங்கே மழையும் பெய்யும், வெயிலும் எறிக்கும். நான் திருத்தவில்லை. அவருடைய குருமடம் எனக்குள் அப்படியே இருக்கிறது.

குருமடத்தில் எத்தனை மாணவர் என்பது ஆமிக்குத் தெரியும். ஒரு தலை கூடினால் பிடிபட்டுவிடும். அதனால்தான் அந்தக் குருமாணவன் தன் அங்கியைக் கொடுத்துவிட்டு வெளியே போகத் துணிந்தான். இரண்டு பேரும் ஒரே உயரம். உடுப்பு அறையில் நின்று மாற்றினார்கள்; அங்கியின் கழுத்தில் அவனுடைய இலக்கம், இருபத்தேழு.

"உன்ர ஜாக்கெட் சிகரெட் மணக்குது," என்றானாம் அவன்.

"உன்ர அங்கி கோழி மணக்குது."

"கோழி மணக்கிறவனை ஆமி பிடிக்கிறேல்லை. என்ர மாமி ஆத்துக்கு அங்கால இருக்கிறா. இவங்கள் போன பிறகு வாறன். அதுவரைக்கும் நீதான் நான்."

விறகு வண்டி போகும் பின்வாசலால் அவன் போனான். மண்ணிற ஜாக்கெட் மழைக்குள் போனதைச் சிலிக்காரர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு அவனைக் காணவில்லை.

அந்தக் குருமடத்தின் அதிபரை எல்லோருக்கும் பயம். மெலிந்த, சிரிக்காத கிழவர். ஜெனரல் பேராலயத்துக்கு வரும் நாளில் நன்றிப் பாட்டுப் பாட மாட்டோம் என்று சில குருமாணவர்கள் சொன்னதற்காக, அவர்களை முழங்காலில் நின்று சாப்பிட வைத்தவர். பல்கலைக்கழக மாணவருக்கு ஒளித்துச் சாப்பிடப் பாண் கொண்டுபோனவர்களையும் தண்டித்தவர். அவர் ஜெனரலின் ஆள் என்றுதான் பெடியள் நினைத்திருந்தார்கள். இராச்சாப்பாட்டு மண்டபத்தில் அவர் வரிசையைப் பார்த்தார். இருபத்தேழாவது இடத்தில் புது முகம். வாசலில் ஆமியின் லொறி நிற்கும் சத்தம். அதிபர் தன் சின்ன மணியை அடித்தார்.

"இண்டைக்குத் தொடக்கம் எட்டு நாள் தியானம். ஒருவரும் கதைக்கக் கூடாது."

வருடாந்தத் தியானம் வேறு மாதத்தில்தான் வரும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் கூடாதே!

ஆமி அதிகாரி உள்ளே வந்து தலைகளை எண்ணினான். கணக்குச் சரி. கேள்வி கேட்டான். பதில் இல்லை. அதிபரிடம் கேட்டான். அவர் விரலை உதட்டில் வைத்துவிட்டு சூப்பைத் தொடர்ந்து குடித்தார். அந்த அதிகாரி பக்தியான வீட்டில் பிறந்தவன் போல. சுவரில் சிலுவையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டான். கழற்றிய பிறகு கத்தவும் முடியவில்லை. வாசலில் காவல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் வந்து சுவரோடு நின்று பார்ப்பான். குருமடத்துப் பழக்கம் தெரியாதவன் எப்படியும் ஒரு பிழை விடுவான் என்று காத்திருந்தான்.

பிழை அடுத்த நாள் மதியமே வந்தது. சாப்பிட முன் எல்லோரும் எழுந்து சிலுவை அடையாளம் போட்டார்கள். சிலிக்காரர் வாழ்நாளில் போட்டதில்லை. எதிரில் நின்றவனைப் பார்த்து, கண்ணாடியில் பார்ப்பது போல, இடது கையால் போட்டுவிட்டார்.

"கை நெத்திக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கினது," என்று சொல்லி, கையில் ஒரு தலையணை உறையோடு எனக்குச் செய்து காட்டுவார். "அதிகாரியின்ர கண் என்னில நிக்குது. நான் செத்தன் எண்டு நினைச்சன். அப்ப எனக்குப் பக்கத்தில நிண்டவன் இடது கையைத் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில நிண்டவனும். அந்த வாங்கில் வரிசை முழுக்க. கடைசியா அதிபர். அவர்தான் மெதுவா, வடிவா, இடது கையால போட்டார். அதிகாரிக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவனும் போட்டான், கொம்பிஸ். இடது கையால!"

இதைச் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில், மேலே இருந்து மேற்பார்வையாளர் இறங்கி வந்து, மெஷின் ஏதும் பழுதோ என்று கேட்டிருக்கிறார்.

தியானத்தில் பிரசங்கம் வைக்க மட்டும் அதிபருக்கு அனுமதி உண்டு. அதிகாரியை முன் வாங்கிலில் இருத்தி, விடுப்புப் பார்ப்பது, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, எவ்வளவு பெரிய பாவம் என்று நீண்ட பிரசங்கம் வைத்தாராம். அந்த எட்டு நாளும் சிலிக்காரர் குருமாணவனாகவே இருந்தார். கண்ணைத் தாழ்த்தி நடக்க, கைகளை அங்கிக்குள் செருக, மணி அடித்தால் எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பப் பழகினார். பேச்சில்லாத அந்த வீட்டில் மழைச் சத்தமும், தோட்டத்துக் கோழிகளும், பலகைத் தளத்தில் சப்பாத்துகளும் மட்டும்தான் கேட்கும். அவ்வளவு அமைதியாகத் தான் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை என்பார். சொல்லிவிட்டு, உடனே முகம் மாறும். "அவன் ஆமியிட்ட அடி வாங்கிக்கொண்டு இருந்திருப்பான். நான் அவன்ர கட்டில்ல நல்லா நித்திரை கொண்டன்."

ஆமி களைத்துப் போய் எழும்பிப் போனது. ஜாக்கெட் போட்டவன் திரும்பவில்லை. எட்டாம் நாள் இரவு, மௌனம் கலையும் முன், ஒரு குரு அவரைக் காரில் ஏற்றித் தலைநகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே கன்னியாஸ்திரிகள் அங்கியை வாங்கிக் குருமடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு நோர்வே. தியானம் என்பதால் ஒருவரும் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவனுடைய பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது சிவப்பு நூலில் தைத்த இருபத்தேழு மட்டும். முகமும் போய்விட்டது. கனவில் வரும்போது ஜாக்கெட்டின் பொத்தான்கள் கூடத் துலக்கமாகத் தெரியுமாம். முகம் இருக்கும் இடத்தில் மழை.

"அந்தக் குருமடத்துக்கு எழுதிக் கேக்கலாமே?" என்று நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

"எழுதினா பதில் வரும்," என்றார்.

நகரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கோயிலில் ஸ்பானிய மொழியில் பூசை நடக்கும். தன் நாட்டிலிருந்து குரு யாராவது வருகிறார் என்று அறிந்தால் அவர் போவார். பின்வரிசையில் இருப்பார். அந்தக் குருவிடம் கேட்டால் தெரியவரலாம். கேளாமலே வந்துவிடுவார். இப்படி எத்தனையோ வருடம். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ பக்கத்தில இருந்தா நான் கேப்பன், கொம்பிஸ்."

கூச்சக்காரனுக்குத் துணை கூச்சக்காரன். நான் போய் இருந்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த முறையும் போனேன். என் மனைவிக்கு இது நல்ல பகிடி.

"இஞ்சை பாருங்கோ, சைவக்காரர் பூசைக்கு வெளிக்கிடுறார். முருகன் கோயிலுக்கு வாங்கோ எண்டா முழங்கால் நோகுதாம். அங்கை முழங்கால்ல நிக்கேக்கை நோகேல்லையாக்கும்?"

"நான் அங்கை கதிரையிலதான் இருக்கிறனான்."

"ஓமோம், அதுக்குத்தான் போறியள். முருகன் கதிரை தரேல்லை."

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பூசை பிடித்திருந்தது. ஒரு சொல்லும் விளங்காது. விளங்காத மொழியில் பலர் சேர்ந்து பாடும்போது, தண்ணீருக்கு அடியில் இருந்து ஒரு ஊரைக் கேட்பது போல இருக்கும். மெழுகுதிரிப் புகையில் கண் சொருகும். வேப்பமரத்து அப்பிள்கள் வரும்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு குரு வந்தார். நரைத்த, தடித்த மனிதர். சிலியின் தெற்கிலிருந்து, அந்த மழை நகரத்திலிருந்தே வந்திருக்கிறார் என்று பூசையில் அறிவித்தார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் பாட்டுத் தாளை மடித்து, மடித்து, இன்னும் மடித்தார். பூசை முடிந்து ஆட்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். குரு எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். சிலிக்காரர் எழும்பினார். இரண்டு அடி வைத்தார். நின்றுவிட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை வைத்தே எனக்குத் தெரிந்தது: இந்தக் குரு போனால் இவர் இனி ஒருநாளும் கேட்க மாட்டார்.

குரு எங்களைக் கடந்து போகப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்பது செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வழிக்குக் குறுக்கே போய் நின்று, இரண்டு கைகளையும் கூப்பினேன். பள்ளிக்கூடத்தில் சுவாமி வந்தால் நாங்கள் கும்பிட்டு நிற்கும் அதே கும்பிடு. ஐம்பது வயதைக் கடந்த மனுசன், குளிர் ஜாக்கெட்டோடு, ஒஸ்லோவின் நடுவில். கதைக்க என்னிடம் மொழி இல்லை. கையை எடுக்கவும் இல்லை.

குரு நின்றார். அவரும் கைகளைக் கூப்பினார். பிறகு எனக்கு ஏதோ வேண்டும் என்று நினைத்துக் காத்திருந்தார். நான் சிலிக்காரரைப் பார்த்தேன். குருவும் அவரைப் பார்த்தார். இனித் தப்ப வழியில்லை.

அவர் பேசினார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. துணி எண்ணும்போது அவர் ஸ்பானிய மொழியில்தான் எண்ணுவார். அதனால் இருபத்தேழு எனக்குத் தெரியும்.

குருவின் புருவம் மேலே போனது. அவர் சிலிக்காரரின் தோளைப் பிடித்தார். நீண்ட நேரம் கதைத்தார். நான் அவர்களுடைய முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முகம் சிரித்தது, மற்ற முகம் அழுதது, பிறகு இரண்டும் மாறின. செத்தவனா, இருக்கிறவனா என்று என்னால் அந்த முகங்களில் வாசிக்க முடியவில்லை.

ரயிலில் குரோருட் பக்கம் வரும்போதுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

"ஆத்துப் பாலத்தில பிடிச்சிட்டாங்களாம். ஜாக்கெட்டைப் பாத்து. நான் எண்டு நினைச்சுப் பல மாசம் அடைச்சு வைச்சவங்களாம். அடிச்சவங்களாம். ஆனா விட்டுட்டாங்கள், கொம்பிஸ். விட்டுட்டாங்கள்! திரும்பி வந்தவன். அதுவரைக்கும் அதிபர் அந்த இலக்கத்தை ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம். இந்தக் குரு பிறகு அங்க படிக்க வந்தவர். அந்தக் கதையைச் சொல்லித்தான் புதுப் பெடியளுக்கு இலக்கம் குடுக்கிறவையாம்."

"இப்ப அவர் குருவா?"

"இல்லை. கொஞ்சக் காலம் படிச்சிட்டு விட்டிட்டானாம். கலியாணம் கட்டினவன். மூண்டு பிள்ளையள். பஸ் ஓட்டினவனாம். எல்லாருக்கும் சொல்லுவானாம், என்ர அங்கியைப் போட்டுக்கொண்டு போனவன் இப்ப எங்கையோ ஒரு நாட்டில பிஷப்பா இருப்பான் எண்டு." அவர் ஈரக் கண்ணோடு சிரித்தார். "பிஷப்! போர்வை மடிக்கிற பிஷப்!"

"இப்ப எங்க இருக்கிறாராம்?"

"செத்துப்போனான். கொஞ்ச வருசத்துக்கு முன்னால. சீனி வருத்தம்!" ரயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். "சீனி வருத்தம், கொம்பிஸ்! தன்ர கட்டில்ல! பேரப்பிள்ளையள் பக்கத்தில!"

ஒருவர் நீரிழிவால் செத்த செய்தியை அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன மனிதரை நான் கண்டதில்லை. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினை பிள்ளையள் எண்டனீங்கள்?"

"மூண்டு."

"ஆரும் பக்கத்தில இருந்தவையாமோ?"

"பேரப்பிள்ளையள் இருந்தவையாம்."

அவள் வெட்டிய மரக்கறியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு, "அப்ப அது செத்த வீடெல்லோ," என்று சொல்லிப் பெரிய சட்டியை எடுத்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. அயலில் இருப்பவர்கள் சமைத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். என் மனைவி நோர்வே முழுக்க எத்தனையோ செத்த வீடுகளுக்குச் சமைத்து அனுப்பியவள். அவளுடைய தம்பி யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவன். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவரும் சாப்பாடு கொண்டு வந்ததில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது?

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல். எல்லாவற்றையும் துவாயால் சுற்றிக் கட்டித் தந்தாள். நான் அம்மருட்டுக்கு நடந்தேன். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே பாட்டுப் போட்டிருந்தது. அவர் முகத்தில் ரயிலில் கண்ட அதே சிரிப்பு. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன கொம்பிஸ், விருந்தா? நானும் இண்டைக்குக் கொண்டாடத்தான் வேணும் எண்டு நினைச்சன்."

"விருந்தில்லை," என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். ஒருவர் செத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிக்க மாட்டோம், அயலவர்தான் சமைத்துக் கொடுப்பார்கள், என் மனைவி தந்துவிட்டாள் என்று, என் ஓட்டை நோர்வேஜியத்தில், ஒவ்வொரு சொல்லாக.

அவர் துவாய்க் கட்டைக் கையில் வாங்கினார். அதன் சூடு கையில் பட்டிருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலேயே நின்றது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சந்தோசம் மெதுவாக விலகிப் போனது.

"ஓம்," என்றார். "அவன் செத்திட்டான்தானே."

மேசையில் கட்டை வைத்துவிட்டு, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் பாட்டை நிறுத்தினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே உயரத்தில் பனி பெய்யத் தொடங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தால் முகத்தைத் துடைத்துவிட்டு, குசினிக்குப் போய் அடுப்பை நிறுத்தினார். சூப் சட்டியில் ஆவி அடங்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.